சளி, இருமல், செரியாமைக்குச் சீனச் சமையலறை வைத்தியம்: ரங்கூன் தமிழ் வீடுகளுக்கு

ரங்கூன் காளி கோவிலிலிருந்து மகாபண்டூலா சாலை வழியே மேற்கே சில தெருக்கள் நடந்தால் சீனர் பகுதியான லத்தா வந்துவிடும். அங்குள்ள பழைய சீன மருந்துக் கடைகளில் சுவர் முழுதும் சிறு மர இழுப்பறைகள். ஒன்றில் காய்ந்த செவ்வந்திப் பூ, மற்றொன்றில் பழந்தோல், இன்னொன்றில் சிவந்த சீன இலந்தை. இவ்வளவு அருகில் இருந்தும் நம்மவர்களில் பலர் அந்தக் கடைகளில் தைலம் மட்டுமே வாங்கித் திரும்புகிறார்கள். (புலி மார்க் தைலத்தின் பூர்வீகமும் இந்த ஊர்தான், ஃபூஜியனிலிருந்து வந்த ஆவ் சூ கின் என்ற வைத்தியர் 1870களில் இங்கே திறந்த கடையிலிருந்தே அந்தத் தொழில் வளர்ந்தது.) வீட்டு அடுப்பில் செய்துகொள்ளக்கூடிய, பெரும்பாலும் உணவாகவே உட்கொள்ளும் சில முறைகளை மட்டும் இங்கே எழுதுகிறேன். டப்பாவில் வரும் மாத்திரைகளையும் உருண்டைகளையும் பற்றி இறுதியில் ஒரு எச்சரிக்கை உண்டு.

முதலில் சளியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நம் வழக்கமும் சீனர் வழக்கமும் பிரியும் இடம் இதுதான். நம் வீடுகளில் மூக்கு ஒழுகினாலும் தொண்டை எரிந்தாலும் சுக்கும் மிளகும்தான் அடுப்பில் ஏறும். சீன வைத்தியரோ சளியை இரண்டாகப் பிரித்த பிறகே மருந்து சொல்வார். குளிர் நடுக்கம் கூடுதலாகவும் காய்ச்சல் குறைவாகவும் இருந்து, மூக்கில் நீர் தெளிவாக ஒழுகி, நாவில் வெண்மையான படிவு இருந்தால் அது குளிர்ச்சிச் சளி. தொண்டை வலி, தாகம், கெட்டியான மஞ்சள் சளி, சிவந்த நாக்கு நுனி ஆகியவை சேர்ந்திருந்தால் அது சூட்டுச் சளி. இஞ்சி முதல் வகைக்கு மட்டுமே உரியது; இரண்டாம் வகைக்கு இஞ்சி கொடுப்பது எரியும் தொண்டையை மேலும் எரியச் செய்யும் என்பது அவர்கள் கணிப்பு. ஆகவே அடுப்பைப் பற்றவைக்கும் முன் நோயாளியின் நாக்கை நல்ல வெளிச்சத்தில், காப்பியோ வெற்றிலையோ போடுவதற்கு முன், ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குளிர்ச்சிச் சளிக்கு வெங்காயத்தாளின் வெண்பகுதி மூன்று தண்டு (வேரை நன்றாக அலசி அதையும் சேர்க்கலாம்), தோலோடு வட்டமாக அரிந்த இஞ்சி ஐந்து துண்டு, ஒரு மேசைக்கரண்டி கருப்பட்டி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தம்ளர் தண்ணீரில் இஞ்சியை முதலில் போட்டு, கொதி வந்து ஐந்து நிமிடம் ஆனதும் வெங்காயத்தாளையும் கருப்பட்டியையும் சேர்த்து, மேலும் மூன்று நிமிடத்தில் இறக்கிவிடவேண்டும். சுடச்சுடக் குடித்துப் போர்த்திப் படுத்தால் நெற்றியிலும் முதுகிலும் இலேசாக வியர்க்கும். அந்த அளவு போதும், சட்டை நனையும்படி வியர்ப்பது உடம்பைத் தளர்த்திவிடும். இந்த முறைக்கு வயது அதிகம். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹோங் என்ற சீன அறிஞர் வெங்காயத்தாளோடு புளிக்கவைத்த கருஞ்சோயாவைச் சேர்த்துக் காய்ச்சும் முறையைத் தம் அவசர வைத்தியக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார்.

சூட்டுச் சளிக்கு அடுப்பே அதிகம் தேவையில்லை. பர்மியில் கந்தமா எனப்படும் செவ்வந்தியின் காய்ந்த பூ ஏழெட்டும் சில புதினா இலைகளும் ஒரு குவளையில் இட்டு, கொதிநீர் ஊற்றி, ஐந்து நிமிடம் மூடிவைத்துக் குடிக்கலாம். அதிலேயே ஒரு கரண்டி கோஜிப் பழம் (சிவந்த சிறு உலர்பழம்) சேர்த்தால், நாள் முழுதும் கணினித் திரையைப் பார்த்து வறண்ட கண்ணுக்காகச் சீனர்கள் அருந்தும் தேநீராகிவிடும். செவ்வந்தி, சாமந்தி வகைப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடவேண்டாம்.

காய்ச்சும் முறையில் நம் கை பழக்கம் ஒன்றைச் சற்று மாற்றிக்கொள்ளவேண்டும். கஷாயம் என்றாலே எட்டுக்கு ஒன்றாகச் சுண்டவைப்பது நமக்கு வழக்கம். புதினா, வெங்காயத்தாள், பூக்கள் போன்ற மணமுள்ள சரக்குகளை அப்படிச் சுண்டவைத்தால் பயன்தரும் எண்ணெய் ஆவியாகப் போய்விடும், எஞ்சுவது கசப்புத்தான். வேர், பட்டை, கட்டை வகைகளுக்கு மட்டும் நீண்ட கொதி வேண்டும்: அவற்றை அரைமணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, சரக்குக்கு மேலே இரண்டு விரற்கடை நீர் நிற்கும்படி பார்த்துக்கொண்டு, கொதி வந்தபின் சிறுதீயில் அரைமணி வைத்து வடித்து, அதே சரக்கில் மீண்டும் நீர் ஊற்றி இரண்டாம் முறை காய்ச்சி, இரண்டு வடிநீரையும் கலந்து காலையும் மாலையுமாகக் குடிப்பதே முறை. பாத்திரம் மண்சட்டியாகவோ கண்ணாடியாகவோ பீங்கான் பூசியதாகவோ இருக்கட்டும்; இரும்பும் அலுமினியமும் கூடாது. மின்சாரம் நினைத்தபோது நின்றுவிடும் நம் ஊரில் கரி அடுப்பும் மண்சட்டியும் இதற்கு மிகப் பொருத்தமானவை. சன்னலை மட்டும் திறந்து வையுங்கள்.

சளி போனபின்னும் நீடிக்கும் வறட்டு இருமலுக்குப் பேரிக்காய். பழத்தின் மேற்பகுதியை மூடிபோல வெட்டி, விதைப்பகுதியைக் கரண்டியால் குடைந்தெடுத்து, பள்ளத்தில் இரண்டு மூன்று துண்டு கற்கண்டு வைத்து, மூடியைப் பொருத்திக் கிண்ணத்தோடு நாற்பது நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். கிண்ணத்தில் ஊறும் சாற்றைப் பழத்தோடு உண்ணவேண்டும். சீனர்கள் இதில் சுவான்பெய் என்ற மலைக்கிழங்குப் பொடியையும் சேர்ப்பார்கள். மேற்குச் சீனத்தின் உயர்ந்த மலைகளில் தோண்டி எடுக்கப்படுவதால் அதன் விலை அதிகம், போலியும் அதிகம். அது இல்லாமலே தொண்டை இதமாகும் என்பதால் வாங்கச் சொல்லமாட்டேன். நெஞ்சில் சளி கட்டி வரும் இருமலுக்குப் பேரிக்காய் ஏற்றதல்ல. அதற்குச் சென்பி எனப்படும், ஆண்டுக்கணக்கில் உலர்த்திப் பழுத்த ஆரஞ்சுவகைத் தோலை இரண்டு மூன்று துண்டு இஞ்சியோடு பத்து நிமிடம் கொதிக்கவைத்துக் குடிக்கலாம். சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொள்பவர்களுக்கும் இதே நீர் உதவும்.

வயிறு முட்ட டான்பாவ் பிரியாணி உண்டபின் வரும் மந்தத்துக்குச் சீனர்கள் ஷான்சா என்ற புளிப்புப் பழத்தின் காய்ந்த வில்லைகளைக் கொதிநீரில் ஊறவைத்துக் குடிப்பார்கள். இறைச்சிக் கொழுப்பு செரிக்க உதவும் என்பது அவர்கள் நம்பிக்கை. வெறும் வயிற்றில் இது எரிச்சலைத் தரும். இதய மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு) மாதத்து வெயிலுக்குப் பாசிப்பயறு. நாம் தோல் நீக்கிய பருப்பைப் பாயசத்துக்கு எடுப்போம். இங்கே தோலோடுள்ள முழுப்பயறே வேண்டும். பத்து நிமிடம் கொதித்ததும் நீர் பச்சையாக இறங்கும். அந்த நீரை வடித்து ஆறவைத்துக் குடித்துவிட்டு, மீதியை மேலும் வேகவைத்து இனிப்புக் கஞ்சியாக்கிக்கொள்ளலாம்.

இனி எச்சரிக்கை. மழைக்காலத்தில் கடும் காய்ச்சலோடு உடல்வலியும் கண்ணுக்குப் பின்னால் வலியும் வந்தால் டெங்கியாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனைதான் வழி. மலைப்பகுதியிலிருந்து திரும்பியவருக்குக் காய்ச்சல் என்றால் மலேரியாவுக்கும் பார்க்கவேண்டும். கே ஹோங் எழுதிய சிங்ஹாவ் மூலிகைக் குறிப்பைப் படித்துத்தான் சீன விஞ்ஞானி தூ யூயூ மலேரியா மருந்தான ஆர்டிமிசினினைப் பிரித்தெடுத்து 2015இல் நோபல் பரிசு பெற்றார். அதற்காக அந்த மூலிகையை வீட்டில் தேநீராகக் குடித்து மலேரியாவைத் தீர்த்துக்கொள்ள முடியாது, கிடைக்கும் மருந்தின் அளவு போதாது. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ச் சோதனை அவசியம். அதிமதுரம் தொடர்ந்து உண்டால் இரத்த அழுத்தம் ஏறும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை உண்பவர்கள் கோஜிப் பழத்தையும் தாங்குய் என்ற சீன மூலிகை வேரையும் தவிர்க்கவேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்த மருந்திலும் தேன் கலக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத உருண்டைகளையும் மூட்டுவலி மாத்திரைகளையும் வாங்கவே வேண்டாம். அத்தகைய சரக்குகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. சில சீன மூலிகைகளில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தையே பாழாக்கியிருக்கிறது.

வாங்கும்போது நிறத்தையும் மணத்தையும் பாருங்கள். சீனர்கள் சூப்பில் சேர்க்கும் காய்ந்த வெள்ளைக் காளான் பால்போல் வெளுத்திருந்தால் அதுவும் பளிச்சென்ற செந்நிறக் கோஜியும் கந்தகப் புகை காட்டியவையாக இருக்கலாம். முகர்ந்தால் மூக்கில் புளிப்பேறும். இலேசான மஞ்சள் சாயல் கொண்ட காளானே நல்லது. மழைக்காலத்தில் எல்லாம் நமுத்துப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்கிக் கண்ணாடி சாடியில் இறுக மூடி வையுங்கள். காளானை ஓரிரு மணி நேரத்துக்கு மேல் ஊறவைக்காதீர்கள். வெப்பத்தில் இரவெல்லாம் ஊறிய காளானில் உருவாகக்கூடிய நஞ்சு கொதிக்கவைத்தாலும் போவதில்லை, ஆகவே மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.