போலி லேபிள் சத்துப்பொருள் வழக்குகள்: எங்கே கோட்டை விடுகிறோம்

சத்து மாத்திரை, புரோட்டீன் பவுடர், மூலிகை கேப்சூல் விற்பவர்கள் மேல் வரும் நிறைய புகார்கள் இப்படித்தான் தொடங்குகின்றன: "மூன்று மாதம் சாப்பிட்டேன், ஒரு பலனும் இல்லை." கோபம் நியாயம்தான். ஆனால் வழக்குக்கு அது உதவாது. உடல்வாகு வேறு, சாப்பாடு வேறு, வேளை தவறியிருப்பார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் பத்துக் காரணம் அடுக்கிவிடுவார். லேபிளில் 500 மில்லிகிராம் என்று அச்சடித்துவிட்டு உள்ளே 120தான் வைத்திருந்தால், அந்தக் காரணங்கள் எதுவும் செல்லாது. எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். பலன் பற்றிய சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்கா இதைத் தோற்றுத்தான் கற்றுக்கொண்டது. புற்றுநோய்க்கு மருந்து என்று பொய்யாக விற்ற ஒருவர் மேல் 1906ஆம் ஆண்டு உணவு, மருந்துச் சட்டத்தின்படி வழக்குப் போட்டார்கள். பொருளின் அடையாளம் பற்றிய பொய்தான் குற்றம், குணமாக்கும் என்ற வாக்குறுதி இந்தச் சட்டத்துக்குள் வராது என்று 1911இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறு வருடமே சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் ஏமாற்றும் எண்ணத்தோடு சொன்னார் என்றும் காட்ட வேண்டும் என்று அதில் சேர்த்தார்கள். "நான் மனசார நம்பித்தானே விற்றேன்" என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது? அந்தத் தொல்லை 1938ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் தீர்ந்தது.

இருந்தும் விற்பவரின் உள்நோக்கத்தைத் தோண்டுவதிலேயே காலத்தைக் கழிப்பவர்கள் இன்றும் உண்டு. உங்கள் நாட்டுச் சட்டம் அதைக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் சிறு குற்றமாக வழக்குப் போட நோக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. தண்டனையைக் கூட்டும்போதுதான் அந்தப் பேச்சு வரும். "எனக்குத் தெரியாது, கீழே உள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று முதலாளி கைகழுவுவதும் அங்கே எடுபடாது. தவறைத் தடுக்கும் அதிகாரம் உள்ள இடத்தில் இருந்தாலே பொறுப்பு உண்டு என்று 1943இல் டாட்டர்வைக் வழக்கும் 1975இல் பார்க் வழக்கும் தீர்த்துவைத்தன. பார்க் ஒரு பெரிய மளிகைச் சங்கிலியின் தலைவர். கிடங்கில் எலி புகுந்ததற்கு அவரே பதில் சொல்ல வேண்டிவந்தது.

டப்பாவை மட்டும் படம் பிடித்துவிட்டு ஓய்ந்துவிடுவது இன்னொரு தவறு. விவரமான விற்பனையாளர் டப்பாவில் அடக்கமாகவே எழுதுவார். "சர்க்கரை நோய் ஓடிப்போகும்" என்பதெல்லாம் துண்டுப் பிரசுரத்திலும் வீடியோவிலும்தான் இருக்கும். 1948இல் கோர்டெல் என்ற ஆரோக்கிய உணவு வியாபாரியின் வழக்கில் இதுதான் பிரச்சினை. பொருள் தனியாகவும் பிரசுரம் தனியாகவும் போயின, ஆகவே அது லேபிளில் சேராது என்று வாதாடினார். பொருளுக்கு விளக்கம் சொல்லத்தான் அந்தப் பிரசுரம், எனவே அதுவும் லேபிளோடு சேர்ந்ததுதான் என்றது உச்ச நீதிமன்றம். அதனால் இணையப் பக்கத்தையும் சேர்த்து, தேதியும் முகவரியும் தெரியும்படி பதிவு எடுத்து வையுங்கள். புகார் கொடுக்கும் முன்பே சமூக ஊடகத்தில் பொங்கினால், மறுநாள் காலையில் அந்தப் பக்கம் இருக்காது.

"இது எந்த நோயையும் குணப்படுத்த அல்ல" என்று ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் பார்த்துப் பின்வாங்கவும் வேண்டாம். உள்ளே இருப்பதைப் பற்றிய பொய்யை அந்த வரி மன்னிக்காது.

என் கணிப்பில் வழக்குகள் அதிகம் சறுக்குவது ஆய்வகத்தில்தான். பாதி தின்ற டப்பாவை அனுப்பினால், நடுவில் யார் என்ன கலந்தார்கள் என்று கேட்பார்கள். சீல் உடையாத, ஒரே பேட்ச் எண் கொண்ட டப்பாக்கள், ரசீது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு, மறு ஆய்வுக்கு ஒதுக்கிய பங்கு எல்லாம் வேண்டும். காலாவதியான டப்பாவில் வைட்டமின் குறைவு என்று வாதாடிப் பயனில்லை. அது தானாகவே சிதையும்.

அதைவிட முக்கியம், எந்தச் சோதனை என்பது. புரோட்டீன் பவுடரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கெல்டால் முறை புரதத்தை நேராக அளப்பதில்லை; நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கும். கிளைசின் என்ற மலிவான அமினோ அமிலத்தில் (புரதத்தின் கட்டுமானத் துண்டுகளில் ஒன்று) எடைக்கு 18.7 சதவீதம் நைட்ரஜன். ஆக, 1 கிராம் கிளைசின் சுமார் 1.17 கிராம் 'புரதம்' என்று கணக்கில் ஏறும்! இந்தச் சோதனையை மட்டும் செய்தால் மோசடிக்காரருக்கு நாமே நற்சான்று எழுதிக் கொடுத்த மாதிரி. அமினோ அமிலங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

தவறான சோதனை எதிர்த் திசையிலும் கவிழ்க்கும். 2015இல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் மூலிகை மாத்திரைகளை டி.என்.ஏ. முறையில் சோதித்து, பலவற்றில் லேபிளில் சொன்ன செடியே இல்லை என்றது. சாறு எடுத்துப் பதப்படுத்தும்போது டி.என்.ஏ. சிதைந்துபோகுமே என்று நிபுணர்கள் பிடித்துக்கொண்டார்கள். சந்தேகம் நியாயமாகவே இருந்தாலும், ஒரே சோதனையை நம்பியதால் பேச்சு முழுக்க அந்தச் சோதனையைப் பற்றியே ஆகிவிட்டது.

விற்பவர் நீட்டும் ஆய்வுச் சான்றிதழும் அப்படித்தான், கையோடு நம்பக்கூடாது. யு.எஸ்.பி. லேப்ஸ் என்ற அமெரிக்கச் சத்துப்பொருள் நிறுவனத்தின் வழக்கில், செயற்கையாகத் தயாரித்த ஊக்கப்பொருளைச் செடியின் சாறு என்று காட்டப் பொய்ச் சான்றிதழ்கள் பயன்பட்டதாகக் குற்றச்சாட்டு வந்தது. 2019இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

இதற்கு நேர்மாறான ஒரு வகை உண்டு. அதைப் பற்றிப் புகாரே வராது, ஏனென்றால் சரக்கு உண்மையிலேயே வேலை செய்யும். 'இயற்கை' என்று விற்கும் எடை குறைப்பு மாத்திரைகளில் சிபுட்ராமைனும் ஆண்மைக் கேப்சூல்களில் சில்டெனாஃபிலும் (வயாகராவில் உள்ள மருந்து) பலமுறை சிக்கியிருக்கின்றன. இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து சிபுட்ராமைன். "லேபிளில் உள்ளவை இருக்கின்றனவா" என்று மட்டும் ஆய்வகத்தைக் கேட்டால் இவை கண்ணில் படாது. மூலக்கூறைக் கொஞ்சம் மாற்றிய வகைகள் இன்னும் சுலபமாகத் தப்பும். எனவே மாதிரியோடு போகும் கடிதத்திலேயே, சொல்லாத மருந்துகளையும் அவற்றின் மாற்று வடிவங்களையும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (மூலக்கூறுகளை அவற்றின் எடையை வைத்து அடையாளம் காணும் சோதனை) மூலம் தேடும்படி தெளிவாக எழுதிவிடுங்கள்.