சிசி லிமிட்டா, தவணைக் கடனா? குமரி மாவட்டச் சிறுதொழில் செய்பவர்கள் வங்கியில் கேட்க வேண்டியவை

அண்டி ஆபீஸ் (முந்திரித் தொழிற்சாலை) நடத்துபவருக்குக் கொட்டை மலிவாக வரும் மாதங்களில் கையில் பணம் வேண்டும். குளச்சலில் விசைப்படகு வைத்திருப்பவருக்கு ஜூன், ஜூலையில் தவணை கேட்காத வங்கி வேண்டும். தோவாளையிலிருந்து பூ அனுப்புபவருக்கு ஓணத்தையொட்டிச் சில நாட்களுக்கு மட்டும் கூடுதல் தொகை வேண்டும். மூவரும் மேலாளர் முன்னால் உட்கார்ந்து கேட்பதோ "ஒரு லோன்". பெரும்பாலும் கிடைப்பது மாதாமாதம் ஒரே தொகை கட்டும் கடன். வரவு வராத மாதத்திலும் தவணை வரும். அதைக் கட்ட நகை அடகுக்குப் போகும். ஆகவே எவ்வளவு வேண்டும் என்பதற்கு முன்னால், எந்த வகைக் கடன் என்பதை முடிவு செய்யுங்கள்.

எதற்கு எந்தக் கடன்

இயந்திரம், படகு, கட்டடம், வண்டி போல ஆண்டுக்கணக்கில் உழைப்பதற்குத் தவணைக் கடன். சரக்கு வாங்க, கூலி கொடுக்க, கடன் சொல்லி வாங்கிய கடைக்காரர் பணம் தரும்வரை தாக்குப்பிடிக்க சிசி லிமிட், அதாவது கேஷ் கிரெடிட். சிசியில் எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும்தான் வட்டி. விற்ற பணம் உள்ளே வந்ததும் வட்டி குறையும். நடப்பு மூலதனத்தைத் தவணைக் கடனாக வாங்கினால் மூன்றாண்டில் அதைத் திருப்பிக் கட்டி முடிப்பீர்கள். அதற்குள் தொழிலில் சுழல வேண்டிய பணம் முழுக்க வெளியே போயிருக்கும். இந்த மாவட்டத்தில் நன்றாக ஓடிய தொழில்கள் மூச்சுத் திணறுவதற்கு இது பெரிய காரணம்.

தவணைக் கடன்தான் தேவை என்றால், தவணையை உங்கள் வரவுக்கு ஏற்பப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். மேற்குக் கடற்கரைக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த இரண்டு மாதம் அசல் இல்லாமல் ஆண்டுக்குப் பத்துத் தவணை வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அசல் மட்டும் நிற்கும். ரப்பர் சார்ந்த தொழிலுக்கும் இதே வழி: இலையுதிர் காலத்திலும் அடைமழையிலும் பால்வெட்டு நிற்கும், ஷீட் வரத்துக் குறையும். கன்னியாகுமரி லாட்ஜுகளுக்கு ஐயப்ப சீசனில் வரவு கூடும்.

இதைக் கடன் ஒப்புதலுக்கு முன்பே கேட்க வேண்டும். கடன் வாங்கிக் கட்ட முடியாமல் போன பிறகு தவணையை மாற்றச் சொன்னால் அது மறுசீரமைப்பு என்று பதிவாகலாம். அடுத்த கடனுக்கு அந்தப் பதிவு தடையாகும்.

எவ்வளவு கேட்கலாம்

சிறுதொழிலின் நடப்பு மூலதனத்துக்கு வங்கிகள் பயன்படுத்தும் எளிய கணக்கு, விற்றுமுதல் முறை. வரும் ஆண்டு எதிர்பார்க்கும் விற்பனையில் 25 சதவீதம் நடப்பு மூலதனத் தேவை. அதில் 5 சதவீதம் உங்கள் பணம், 20 சதவீதம் வங்கியின் பணம். ஆண்டுக்கு 1.20 கோடி ரூபாய் விற்பனை உள்ள முந்திரித் தொழில் என்றால் தேவை 30 லட்சம். நீங்கள் 6 லட்சம், வங்கி 24 லட்சம்.

சரக்கு வாங்கி, விற்று, பணம் கைக்கு வர மூன்று மாதம் ஆகும் என்ற அடிப்படையில் அமைந்த கணக்கு இது. சீசனில் கொட்டை வாங்கி மாதக்கணக்கில் வைத்து உடைப்பவருக்கு அந்தச் சுற்று நீளும். அப்போது 20 சதவீதத்துக்கு மேலும் கேட்க இடம் உண்டு. மாதவாரியாகக் கொள்முதல், இருப்பு, விற்பனை, வர வேண்டிய பாக்கி நான்கையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். சீசன் மாதங்களுக்கு ஒரு லிமிட், மற்ற மாதங்களுக்கு ஒரு லிமிட் என்று பிரித்துத் தரவும் வங்கிகளால் முடியும். அந்த ஒரு தாள் இல்லாமல் மேலாளருக்கு உங்கள் சீசன் தெரியாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை இடம் மாறுபவர் அவர். போன மாதம்தான் வேறு மாநிலத்திலிருந்து வந்திருக்கவும் கூடும்.

ஒன்றைக் கவனியுங்கள். திட்டத்தில் விற்பனையை ஏற்றிக் காட்டி லிமிட்டைக் கூட்டினால், ஆண்டு முடிவில் ஜிஎஸ்டி கணக்கு அதைக் காட்டிக்கொடுக்கும். கடந்த ஆண்டைவிட 20, 25 சதவீதம் வரை கூட்டிச் சொல்லலாம். அதற்கு மேல் என்றால் ஆர்டர், புதிய இயந்திரம் என்று காரணம் காட்ட வேண்டும்.

வங்கி உங்களைப் பார்க்கும் கண்ணாடி

வங்கி பார்ப்பது மூன்று கணக்கு: வங்கிக் கணக்கில் வந்த வரவு, ஜிஎஸ்டி ரிட்டர்னில் காட்டிய விற்பனை, வருமான வரிக் கணக்கில் காட்டிய விற்பனை. மூன்றும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலான விண்ணப்பங்கள் தடுமாறும் இடம் இது. கடையின் யூபிஐ அட்டை மனைவியின் சேமிப்புக் கணக்கில் இருக்கும். பாதி விற்பனை அங்கே போகும். விண்ணப்பிப்பதற்கு ஆறு மாதம் முன்பாவது எல்லா வசூலையும் தொழில் பெயரிலுள்ள நடப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். ஆறு மாதத்தில் ஒரு செக் திரும்பியிருந்தாலும் கேள்வி வரும். பதிலைத் தயாராக வையுங்கள்.

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. சரக்கு விற்பனைக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு 40 லட்சம் என்று நினைத்துப் பலர் பதியாமல் இருக்கிறார்கள். கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் தவிர, வரி உள்ள சரக்கைக் கேரளத்துக்கு விற்றால் அந்த வரம்பு பொருந்தாது. முதல் விற்பனைக்கே பதிவு கட்டாயம். பாறசாலைக் கடைக்கு ஏத்தங்காய் சிப்ஸ் அனுப்புவதும் மாநிலம் தாண்டிய விற்பனைதான். பதிவில்லாத அந்த விற்பனையை வங்கியிடம் காட்டவும் முடியாது.

குறு, சிறு தொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு கட்டாயம் வேண்டும். ஆதார், பான் இரண்டையும் வைத்து அரசுத் தளத்தில் நீங்களே செய்யலாம், கட்டணம் கிடையாது. 2025 ஏப்ரல் 1 முதல் முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை குறுந்தொழில்; 25 கோடி, 100 கோடி வரை சிறுதொழில். சான்றில் உள்ள பெயர், முகவரி, தொழில் வகை மூன்றும் ஜிஎஸ்டி சான்றோடு எழுத்து மாறாமல் பொருந்த வேண்டும். இனிஷியல் முன்னும் பின்னும் மாறியதால் கோப்பு திரும்பி வருவது சாதாரணம்.

உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை விண்ணப்பத்துக்கு முன்பே நீங்கள் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மதிப்பெண்ணைவிட உள்ளே இருப்பது முக்கியம். உறவினருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, குழுக்கடன் பாக்கி, என்றோ பேசித் தீர்த்த கிரெடிட் கார்டு எல்லாம் அதில் இருக்கும். "செட்டில்டு" என்றிருந்தால் முழுதும் கட்டவில்லை என்று பொருள். மீதியைக் கட்டி "குளோஸ்டு" என்று மாற்றக் கேளுங்கள். தவறான பதிவு என்றால் புகார் செய்யுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

ஈடு கேட்டால்

குறு, சிறு தொழிலுக்கு 2026 ஏப்ரல் 1 முதல் ஒப்புதலான அல்லது புதுப்பித்த 20 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி ஈடு வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு முன் இந்த வரம்பு 10 லட்சம். ஈடில்லாச் சிறுகடனுக்கான அரசுத் திட்டமான முத்ராவில் 50 ஆயிரம் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். தருண் கடனை ஒழுங்காக அடைத்தவருக்கு 20 லட்சம் வரை தருண் பிளஸ். அதற்கு மேல், ஈடில்லாமல் தரும் கடனுக்கு வங்கிக்கு உத்தரவாதம் கொடுக்கும் சிஜிடிஎம்எஸ்இ என்ற அரசு நிதியம் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் அதன் உத்தரவாதத்துக்கு உச்சவரம்பு 10 கோடி. இதற்கான ஆண்டுக் கட்டணம் வழக்கமாக உங்கள் தலையில்தான் விழும். கட்டாவிட்டால் அரசு அடைத்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். உத்தரவாதம் வங்கியின் நட்டத்துக்கு மட்டும். உங்கள் கடன் அப்படியே நிற்கும்.

நிலத்தை ஈடாகக் கொடுக்க முடிவு செய்தால் பத்திர வேலையை முதலில் தொடங்குங்கள், அதுதான் அதிக நாள் எடுக்கும். 1956 நவம்பர் 1 வரை இந்த மண் முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்ததால் கல்குளம், விளவங்கோடு பக்கத்து மூலப் பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கும். வங்கி வக்கீல் மொழிபெயர்ப்பு கேட்பார். பத்திரத்தில் பழைய சர்வே எண், பட்டாவில் ரீசர்வே எண் என்று இருந்தால் இரண்டையும் இணைக்கும் சான்று வேண்டும். அப்பா பெயரிலேயே பட்டா நிற்பது, பாகப்பிரிவினை செய்யாத சில சென்ட், ரத்து செய்யாத பழைய ஒற்றி: இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கோப்பு மாதக்கணக்கில் தூங்கும்.

விண்ணப்பம் கொடுத்த பிறகு

வாய்ப்பேச்சாக விடாதீர்கள். விண்ணப்பத்தைக் கொடுத்து, தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அதைத் தருவது வங்கியின் கடமை. குறு, சிறு தொழிலுக்கு 25 லட்சம் வரையிலான விண்ணப்பத்தில் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒப்புகை இல்லையென்றால் நாள் எங்கிருந்து தொடங்கியது என்பதே தெரியாது. என்ன ஆவணம் வேண்டும் என்பதையும் ஒரே பட்டியலாக எழுத்தில் கேளுங்கள்.

ஒப்புதல் கடிதம் வந்ததும் வட்டி என்ற எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள். மாறும் வட்டி என்றால் அடிப்படை ரெப்போ விகிதமா (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி), அதற்கு மேல் வங்கி சேர்த்தது எத்தனை சதவீதம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும் என்று பாருங்கள். இப்படி வெளி அளவுகோலோடு இணைத்த கடனில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டி திருத்தப்பட வேண்டும். ரெப்போ குறைந்தபோது உங்கள் வட்டி குறைந்ததா என்று கணக்கைப் பாருங்கள். தவணைக் கடனுக்கு எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு விகிதம் காட்டும் முக்கிய விவரத் தாள் தர வேண்டும். 2026 ஜனவரி 1-க்குப் பிறகு ஒப்புதலான அல்லது புதுப்பித்த மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைக்க, வணிக வங்கிகள் குறு, சிறு தொழிலிடம் அபராதம் வாங்கக் கூடாது.

கடனோடு ஆயுள் காப்பீடும் எடுக்கச் சொல்வார்கள். அது கட்டாயம் இல்லை. சரக்குக் காப்பீடு அவசியம், அதை மனமார எடுங்கள். 2017 ஒக்கியையும் 2023 டிசம்பர் மழையையும் கண்ட மாவட்டம் இது. பாலிசியில் புயல், வெள்ளம் சேர்ந்திருக்கிறதா, குடோன் முகவரி சரியா, தொகை சீசன் உச்ச இருப்புக்குப் போதுமா என்று பாருங்கள். 20 லட்சம் சரக்குக்கு 10 லட்சம் காப்பீடு என்றால், 4 லட்சம் நட்டத்துக்கு 2 லட்சம்தான் கிடைக்கும்.

சிசி ஓடும்போது

லிமிட் 24 லட்சம் என்பதால் 24 லட்சமும் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. இருப்பையும் பாக்கியையும் காட்டி மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்தான் எடுக்கக்கூடிய தொகையை முடிவு செய்யும். உதாரணமாக, இருப்பு 20 லட்சம், அதில் பணம் கொடுக்காமல் வாங்கியது 6 லட்சம். வர வேண்டிய பாக்கி 9 லட்சம், அதில் 90 நாள் தாண்டியது 3 லட்சம். கணக்கில் சேர்வது சரக்கு 14 லட்சம், பாக்கி 6 லட்சம். உங்கள் பங்காக வங்கி பிடிக்கும் 25 சதவீத மார்ஜினைக் கழித்தால் 15 லட்சம். அதுதான் அந்த மாதத்தின் உங்கள் எல்லை. பாக்கிக்குச் சில வங்கிகள் இன்னும் அதிக மார்ஜின் பிடிக்கும். பழைய பாக்கியை வசூலிப்பது புதிய லிமிட் வாங்குவதற்குச் சமம் என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

ஸ்டேட்மென்டை மாதம் தவறாமல் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழையதை வைத்துப் பணம் எடுத்தால் கணக்கு ஒழுங்கற்றதாகிவிடும். மார்ச் 31 இருப்பு, வருமான வரிக் கணக்கின் இறுதி இருப்போடு ஒத்திருக்க வேண்டும். புதுப்பிக்கும்போது முதலில் பார்ப்பது அதைத்தான். கணக்கு தொடர்ந்து 90 நாள் லிமிட்டைத் தாண்டி நின்றாலோ, 90 நாள் வரவே இல்லாவிட்டாலோ, வரும் வரவு வட்டிக்கே போதாவிட்டாலோ வாராக்கடன் ஆகிவிடும். ஆண்டுப் புதுப்பித்தலுக்கு இரண்டு மாதம் முன்பே தாள்களைக் கொடுங்கள்.

மறுத்தால், இழுத்தால்

மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "சிபில் சரியில்லை" என்ற வாய்ச்சொல் போதாது. பிறகு அந்த வங்கியின் மண்டல அலுவலகம். அரசு மானியத் திட்டத்தில் வந்த விண்ணப்பம் என்றால் நாகர்கோவில் கோணத்திலுள்ள மாவட்டத் தொழில் மையத்துக்கும், மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்கும் எழுதுங்கள். வங்கிக்கு எழுதி 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்ற வங்கியின் முடிவில் அவர் தலையிட மாட்டார். தாமதம், தவறான கட்டணம், விதியை மீறி ஈடு கேட்டது போன்றவற்றில் தலையிடுவார். புகாரை அந்தச் சொற்களிலேயே எழுதுங்கள்.

கடனை அடைத்து முடித்ததும் மூலப் பத்திரங்களை எழுத்தில் கேட்டுத் திரும்ப வாங்குங்கள்.  பத்திரத்தோடு பாக்கியில்லாச் சான்றும் வாங்குங்கள். ஈட்டுப் பதிவை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, புதிய வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். பணம் கட்டியும் வில்லங்கத்தில் கடன் நிற்பதால் விற்க முடியாமல் கிடக்கும் நிலங்கள் இங்கே உண்டு.