சம்பந்தியம்மாவின் கொள்ளுப்பாட்டியைத் தேடிய கதை

"என் கொள்ளுப்பாட்டி செரோக்கீ இளவரசி" என்பார் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் இருக்கும் எங்கள் சம்பந்தியம்மா. செரோக்கீகள் அமெரிக்கப் பழங்குடிகளில் ஒரு இனம்; அவர்களில் அரசகுலமே கிடையாது. ஆக, இளவரசியை முதல் நாளே கழித்துவிட்டோம்; கொள்ளுப்பாட்டி மிச்சம். டல்சாவில் மகன் வீட்டில் இருந்த ஆறு மாதமும் அவரைத் தேடுவதே என் வேலை. முப்பது வருடம் பத்திரம் எழுதியவன் கை சும்மா இருக்குமா?

மூலப் பத்திரம் பார்ப்பது போலத்தான், இன்றைய ஆளிலிருந்து பின்னால் போக வேண்டும். சம்பந்தியம்மாவின் பிறப்புச் சான்றிதழ், அவர் அம்மாவின் திருமணப் பதிவு, பாட்டியின் இறப்புச் சான்றிதழ். அப்புறம் பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கு. 1890 கணக்கு பெரும்பாலும் தீ விபத்தில் போய்விட்டதால் 1900-லிருந்து 1880-க்குத் தாவ வேண்டும்.

1906 வாக்கில் உயிரோடிருந்தவரின் பெயர், வயது, ஊர், கூடப்பிறந்தவர்கள் எல்லாம் தெரிந்த பிறகே செரோக்கீ பட்டியல்களைத் திறங்கள். நான் அவசரப்பட்டேன். அதே பெயர் கண்ணில் பட்டதும் குதித்தேன். அவருடைய பதிவு அட்டையைப் பார்த்தால் பதினைந்து வயது வித்தியாசம், அப்பாவும் வேறு ஆள்.

அது டாஸ் பட்டியல். இன்றைய ஓக்லஹோமாவில் இருந்த செரோக்கீ நேஷனில், அதாவது செரோக்கீகளின் சொந்த ஆட்சிப் பகுதியில், குடியிருந்தவர்களுக்காக 1898 முதல் எடுத்தது. செரோக்கீகளிடம் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களுக்கு அதிலேயே தனிப் பட்டியல் உண்டு, அதையும் விடாதீர்கள். மேற்கே போகாமல் வட கரோலினாவிலேயே தங்கிவிட்டவர்களுக்கு 1924-ன் பேக்கர் பட்டியல். எச்சில் கொடுத்துச் செய்யும் டிஎன்ஏ சோதனை எந்தப் பழங்குடி என்று சொல்லாது. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது மில்லர் மனுக்கள். செரோக்கீகளுக்கு அரசு தர வேண்டியிருந்த பணத்தில் பங்கு கேட்டு 1906 முதல் 45,000-க்கு மேல் மனுக்கள் குவிந்தன. கேட்டவர்கள் சுமார் 90,000 பேர், கிடைத்தது 30,000 பேருக்குத்தான். எந்த ஊரில் இருந்தவரும் எழுதியிருக்கிறார்கள். தாத்தா பாட்டி, மாமன், அத்தை வரை படிவத்திலேயே கேட்டிருப்பார்கள்.

கொள்ளுப்பாட்டியின் அண்ணன் போட்ட மனு சிக்கியது. நிராகரித்திருந்தார்கள், பழைய பட்டியல்களில் அவர்கள் முன்னோர் பெயர் இல்லையாம். மனு போட்டதாலேயே ஒருவர் செரோக்கீ ஆகிவிடமாட்டார், சரிதான். ஆனால் அதுவரை யாருக்கும் தெரியாத இரண்டு பாட்டிகளின் பெயரும், டென்னசி மாநிலத்தில் ஒரு கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பெயரும் அதில் இருந்தன. அந்தக் கவுண்டியின் நிலப் பத்திரங்களை அடுத்த விசாவில் போய்ப் பார்க்க வேண்டும். சம்பந்தியம்மா மட்டும் இன்னும் இளவரசியை விடவில்லை.