வெயில் ஊரில் புல்தரை: வருஷம் முழுக்க என்ன செய்வது?
புல்தரையைக் கெடுப்பது பெரும்பாலும் வெயில் இல்லை, தினமும் மேலாகத் தெளிக்கும் தண்ணீர்தான். வேர் ஆழமாக இறங்காது, இரண்டு நாள் தண்ணீர் விட மறந்தால் காய்ந்துவிடும். அதனால் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை, விடியற்காலையில், மொத்தம் 25 மில்லிமீட்டர் அளவுக்கு நன்றாக நனையவிடுங்கள். அளக்க ஒரு காலி டப்பாவைப் புல் நடுவே வைத்தால் போதும். நல்ல மழை பெய்த வாரம் குழாயைத் தொடவே வேண்டாம். நடந்துபோன கால்தடம் நிமிராமல் கிடந்தால் புல்லுக்குத் தாகம்.

வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மழுங்கின பிளேடு நுனியைக் கிழித்துப் பழுப்பாக்கும். தழைச்சத்து உரம் புல் வேகமாக வளரும் மாதங்களில் மட்டும். அப்புறம், நன்றாகக் குளிரும் ஊர்களில் குளிர்காலத்தில் அருகம்புல் வகைகள் பழுப்பாகித் தூங்கும், செத்துவிட்டது என்று பயந்து உரத்தைக் கொட்டாதீர்கள்!