மைனரின்ரை பின்சில்லு துள்ளினால்

"அண்ணை, டிப்பிறன்சியல் போட்டுது போல" எண்டு, பின் அக்சில் நடுவிலை இருக்கிற பல்சில்லுப் பெட்டியைச் சொல்லி, கோப்பாயிலையிருந்து ஒரு தம்பி தன்ரை மொறிஸ் மைனரைக் கொண்டு வந்தான். முதல் கியரிலை கிளச்சைக் கொஞ்சம் கெதியா விட்டால், பின்பக்கம் உரலிலை உலக்கை விழுகிற மாதிரித் தடதடக்குது. டிப்பிறன்சியலுக்கு ஒண்டுமில்லை. 948 சிசி, 37 குதிரைவலு எஞ்சினைக் கழட்டிப்போட்டு டட்சனின்ரை பலம் கூடின ஏ12 எஞ்சினைப் பூட்டியிருக்கிறான். எஞ்சின் மாறினது, பின்ஸ்பிறிங் அதே கிழட்டு ஸ்பிறிங்தான்.

சில்லு முன்னுக்கு உருள வெளிக்கிட, அக்சில் கூடு எதிர்ப்பக்கம் திருகும், டிப்பிறன்சியலின்ரை மூக்கு மேலை எழும்பும். அதோடை தகட்டு ஸ்பிறிங் பாம்பு மாதிரி நெளியும். ரயர் பிடி விட்ட உடனை ஸ்பிறிங் உதறிக்கொண்டு நிமிரும். ரயர் திரும்பப் பிடிக்கும், ஸ்பிறிங் திரும்ப நெளியும். பெரிய வி8 எஞ்சின் பூட்டின அமெரிக்கக் கார்களுக்கும் இதே வருத்தம்தான். 1967 கமாரோவிலை பின்னுக்கு ஒற்றைத் தகடு. 1968இலை ஒரு ஷொக்கை (அதிர்வு தாங்கியை) அக்சிலுக்கு முன்னாலையும் மற்றதைப் பின்னாலையும் பூட்டித்தான் துள்ளலைக் குறைச்சவை.

இதுக்கு மருந்து, அக்சில் திருகாமல் பிடிக்கிற ஒரு இரும்புப் பட்டை. ஆனால் உடனை பட்டை செய்ய ஓடாதேங்கோ. முதலிலை காரைத் தூக்கி ஸ்ராண்டிலை வையுங்கோ. ஜக்கை நம்பி அடியிலை படுக்கிற வேலை வேண்டாம். அக்சிலை ஸ்பிறிங்கோடை கட்டுற யூ போல்ட் தளர்ந்திருக்கோ, தகடு வெடிச்சிருக்கோ, ஸ்பிறிங் முனை வளையத்துக்குள்ளை (கண்ணுக்குள்ளை) இருக்கிற றப்பர் புஷ் பிஞ்சிருக்கோ எண்டு பாருங்கோ. லீவர் ஷொக்கிலை ஒயில் கசிஞ்சால் அதையும் சரிபண்ணுங்கோ. பிறகு ஸ்பிறிங்கின்ரை முன்கண்ணு பூட்டியிருக்கிற இடத்தை ஸ்குறூடிறைவராலை குத்திப் பாருங்கோ. எங்கடை உப்புக்காத்திலை மைனர் முதலிலை உக்கிறது அங்கைதான். குத்து உள்ளுக்கை போனால் வெல்டிங்தான் முதல் வேலை. உக்கின தகரத்திலை பட்டை பூட்டினால், அது துள்ளலை நிப்பாட்டாது, தகரத்தைத்தான் பிடுங்கும்.

இனிப் பட்டை. பின்முனை யூ போல்டுக்குக் கீழை வாற தகட்டிலை. முன்முனை முன்கண்ணுக்குக் கிட்ட, உடம்பிலை வெல்ட் பண்ணின தடிச்ச பிராக்கெற்றிலை. அக்சில் திருகப் பாக்கேக்கை பட்டை அதுக்கு முண்டுகொடுத்துத் தடுக்கும். நீளத்திலைதான் எல்லாம் இருக்குது. சில்லு மேலையும் கீழையும் போகேக்கை ஸ்பிறிங்கின்ரை முன்பாதி ஒரு வளைவிலை ஆடும். பட்டையும் அதே வளைவிலை ஆடவேணும். அதாலை முன்கண்ணு நடுவிலையிருந்து, தகடுகளை நடுவிலை சேர்த்துப் பிடிக்கிற சென்ரர் போல்ட் வரைக்கும் எவ்வளவோ, பட்டையின்ரை இரண்டு ஓட்டைக்கும் இடையிலை அவ்வளவு. முன்பாதிக்குச் சமாந்தரமாயும் நிக்கவேணும். கார் நிலத்திலை நிக்க, பின்சீற்றிலை இரண்டு பேரை இருத்திவிட்டு அளவெடுங்கோ.

இதை நான் பட்டுத்தான் படிச்சன். என்ரை ஒஸ்ரின் ஏ40க்கு முதன்முதல் செய்த பட்டை அரைச்சாண் கட்டை. போதாததுக்கு இரண்டு முனையையும் புஷ் இல்லாமல் இரும்போடை இரும்பா இறுக்கினன். துள்ளல் நிண்டது உண்மைதான். ஆனால் பண்ணையாலை தீவுப்பக்கம் போகேக்கை ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்பக்கம் மாட்டுவண்டி மாதிரி முதுகிலை இடிச்சுது. ஊர்காவற்றுறை போய்ச் சேரமுன்னம் ஒரு பிராக்கெற் கழண்டு றோட்டிலை இழுபட்டுது. இரண்டு முனைக்கும் றப்பர் புஷ் கட்டாயம். பட்டைக்கு எடுக்கிற குழாயும் தடிச்ச சுவர் உள்ளதா இருக்கவேணும்; தண்ணிக் குழாய் வளையும்.

யூ போல்ட் புதுசாப் போடுங்கோ. புஷ் போல்டுகளைக் காரை இறக்கி, பாரம் சில்லிலை நிக்கேக்கை இறுக்குங்கோ. தூக்கி வைச்சபடி இறுக்கினால் றப்பர் முறுகினபடி நிண்டு கெதியாப் பிய்யும்.

சோதிக்கிறதுக்குச் சனநடமாட்டமில்லாத, மணல் கிடக்கிற றோட்டு நல்லது. முதல் கியரிலை கிளச்சை விடேக்கை சில்லு சுத்தினால் பரவாயில்லை, தடதடக்கக்கூடாது. நூறு கிலோமீற்றர் ஓடினாப் பிறகு யூ போல்ட் நட்டுகளை இன்னொருக்கால் இறுக்கவேணும். அதுக்கு வா எண்டு தம்பிக்கு மூண்டு தரம் போன் எடுத்தன். "நல்லா ஓடுது அண்ணை" எண்டான். நாலாம் தரம் கொப்பருக்கு எடுப்பன் எண்டு சொல்லத்தான் வந்தான். இடதுபக்க நட்டு முக்கால் சுத்து வாங்கிச்சுது.