வலி நின்றால் வைத்தியம் முடிந்ததா? பல் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“மாத்திர போட்டுப் பாத்தேன் சார். ரெண்டு நாள் நல்லாதான் இருந்துச்சு. இப்ப மறுபடியும் புடிச்சிக்கினுது.” வேலூர்ப் பக்கம் பல் வைத்தியம் பார்க்கிற எவரும் இந்தப் பேச்சைக் கேட்காமல் ஒரு வாரத்தைக் கடத்த முடியாது. குடியாத்தத்திலிருந்து வரும் பீடித் தொழிலாளியும் சரி, காட்பாடியில் குடியிருக்கும் பேங்க் ஆபீசரும் சரி, பல்லை அளப்பது வலியை வைத்துத்தான். வலித்தால் வியாதி, நின்றால் குணம். நோயாளிகள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் பிறக்கின்றன. பல் டாக்டர்களாகிய நாங்கள் செய்யும் தவறுகளுக்கும் வேர் இதே கணக்குதான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் தரமான சிகிச்சை எது என்பது புரியும்.

பல்லின் மேல் ஓடான எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. சொத்தை அதைத் தாண்டி உள்ளடுக்கைத் தொடும்போது குளிர்ந்த தண்ணீர் கூசும், இனிப்பு கூசும். அடைக்க வேண்டிய நேரம் அதுதான். ஒரே முறையில் வேலை முடிந்துவிடும், செலவும் குறைவு. அதை விட்டால் கிருமி நடுவிலிருக்கும் பல்கூழுக்குப் போய்விடும். நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் இடம் அது. சுற்றிலும் கெட்டியான சுவர், வீங்க இடமில்லை. அதனால்தான் ராத்திரி படுத்ததும் விண்விண்ணென்று தெறிக்கிறது. இதற்குப் பிறகு ஒருநாள் வலி தானாக நின்றுவிடும். வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைவார்கள். ஆனால் நின்றதற்குக் காரணம் நரம்பு செத்துப்போனதுதான். கிருமி வேர்நுனி வழியாக எலும்புக்குள் இறங்கி மெதுவாகச் சீழ் கட்டத் தொடங்கியிருக்கும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் இங்கே ஏன் பலிப்பதில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மருந்து போய்ச் சேருவது ரத்த ஓட்டத்தின் வழியாக. செத்த பல்கூழுக்கு ரத்தமே போவதில்லை. முகம் வீங்கி, காய்ச்சல் இருந்தால் ஆன்டிபயாடிக் தேவைதான். அப்போதும் பல்லைத் திறந்து சுத்தம் செய்யாமலோ எடுக்காமலோ மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது. வலி மாத்திரையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை வாரக்கணக்கில் விழுங்கினால் வயிறு புண்ணாகும், கிட்னிக்கும் கேடு. சுகரும் பி.பி.யும் இருப்பவர்களுக்கு இது இன்னும் பொல்லாதது. சிலர் மாத்திரையைப் பொடித்து ஈறில் வைத்து, வெந்துபோன ஈறோடு வருகிறார்கள். சிலர் வீக்கத்தின் மேல் சுடச்சுட ஒத்தடம் கொடுக்கிறார்கள். இரண்டுமே வேண்டாம்.

தாடைக்குக் கீழே வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கக் கஷ்டமாகிவிட்டால் அது பல்வலி என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது. மூச்சுக்குழாயை அடைக்கிற அளவுக்குப் போகக்கூடியது. அப்போது தெருமுனைக் கிளினிக்கைத் தேட வேண்டாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பயத்தில் சீழ் பிடித்த பல்லை வருஷக்கணக்கில் வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. பார்வைக்கு உள்ள நரம்பு வேறு, பல்லுக்கு உள்ள நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை போகாது.

பாதியில் நிற்கும் ரூட் கேனால்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் நிறையப் பேர் ரூட் கேனாலுக்கு, அதாவது கெட்ட பல்கூழை எடுத்து வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சைக்கு, வருகிறார்கள். முதல் முறை பல்லைத் திறந்து கூழை எடுத்ததுமே வலி அடங்கிவிடும். அடுத்த முறை வர ஒரு நாள் லீவு போட வேண்டும், லீவு போட்டால் கூலி போகும். வலியும் இல்லை. அப்படியே விட்டுவிடுவார்கள். மேலே வைத்திருப்பது தற்காலிகச் சிமெண்ட், சில வாரங்கள்தான் தாங்கும். அது கரைந்து எச்சில் உள்ளே இறங்கினால் செய்த வேலை அத்தனையும் வீண்.

இதில் அந்தப் பெண்ணை மட்டும் குறை சொல்ல என்னால் முடியாது. எத்தனை முறை வர வேண்டும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம், பல்லின் மேல் மாட்டும் உறையான கேப்போடு சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது டாக்டர். ரூட் கேனாலுக்கு ஒரு தொகை சொல்லி, வேலை முடிந்த பிறகு “இனிமே கேப் போடணும்மா” என்று ஆரம்பித்தால், காசு பிடுங்கப் பார்க்கிறார் என்றுதான் எவருக்கும் தோன்றும். கடைவாய்ப் பல் ரூட் கேனாலுக்குப் பிறகு நிறையக் குடைந்துபோயிருக்கும். கேப் இல்லாமல் முறுக்கு கடித்தால் நெட்டுக்குத்தாகப் பிளந்துவிடலாம். பிளந்தால் பெரும்பாலும் எடுப்பதைத் தவிர வழியில்லை. இதை முதல் நாள் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினால் ஜனங்கள் புரிந்துகொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையோ சாயங்காலமோ நேரம் ஒதுக்கினால் வந்து முடித்தும் கொள்கிறார்கள்.

நாற்காலியில் படுத்திருப்பவருக்குத் தெரியாத வேலை ஒன்றையும் சொல்ல வேண்டும். மேல்தாடையில் முதல் பெரிய கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர். எனவே மூன்று குழாய் என்று நினைத்தால் தவறு. கன்னத்துப் பக்கம் இருக்கும் முன்வேரில் பல பேருக்கு இரண்டாவதாக ஒரு குழாய் ஒளிந்திருக்கும். தலைமுடி நுழைவதே கஷ்டம். நல்ல வெளிச்சத்தில், பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடி போட்டு, பல்லுக்குள் கூழ் இருந்த அறையின் தரையை மெல்லச் சுரண்டித் தேட வேண்டும். அதைத் தேடாமல் மூன்றை மட்டும் அடைத்து அனுப்பினாலும் வலி நின்றுவிடும். நோயாளி நன்றி சொல்லிவிட்டுப் போவார். விட்டுப்போன நாலாவது குழாயில் கிருமி இருந்துகொண்டே இருக்கும். பிறகு ஒருநாள் ஈறில் ஒரு கொப்புளம் எழும்பும்போதுதான் விஷயம் வெளியே வரும். இளம் டாக்டர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்தப் பல்லைப் பற்றித்தான். நாலாவது குழாய் இல்லை என்று உறுதியாகும்வரை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்.

ரப்பர் டேமும் அப்படித்தான். சிகிச்சை நடக்கும் பல்லை மட்டும் வெளியே விட்டு மற்றதை மறைக்கும் ரப்பர் ஷீட் அது. மூச்சு முட்டும் என்று சிலர் வேண்டாம் என்பார்கள். மூக்கு வழியாக நிதானமாக மூச்சு விடலாம். அது இல்லாவிட்டால் எச்சிலில் உள்ள கிருமி பல்லுக்குள் போகும், ஊசி போன்ற ஃபைல் கைதவறி தொண்டைக்குள் போகவும் வாய்ப்பு உண்டு. நேரம் இல்லை என்று டாக்டர் அதைத் தவிர்ப்பதும், அசௌகரியம் என்று நோயாளி மறுப்பதும் ஒரே அளவு தவறு.

கருவி எப்படிச் சுத்தமாகிறது என்று கேளுங்கள்

கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ், உலர்ந்த பரப்பில் ஒரு வாரம்கூட உயிரோடு இருக்கும். கருவியைத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் எல்லாக் கிருமியும் சாகாது. சிலவற்றின் விதைகள் (ஸ்போர்) அதையும் தாங்கும். ஆட்டோகிளேவில் அழுத்தத்தோடு நீராவி ஏற வேண்டும். 121 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் 3 நிமிடமாவது. அதற்கு முன்னால் ரத்தமும் எச்சிலும் போகத் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும். அழுக்கு ஒட்டியிருந்தால் அதன் அடியில் ஆவி புகாது. பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸையும் ஒவ்வொருவருக்கும் இப்படி மாற்ற வேண்டும். வெளியே ஸ்பிரிட் வைத்துத் துடைப்பது போதாது.

சீல் வைத்த பையில் ஒரு நிறக்குறி இருக்கும். நீராவி பட்டதும் நிறம் மாறும். அந்தப் பையை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லலாம். கிளினிக் நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் ஊர் போர் தண்ணீரை ஆட்டோகிளேவில் ஊற்றாதீர்கள். உப்பு படிந்து வால்வு அடைத்துக்கொள்ளும், மெஷின் சரியாக வேலை செய்யாது. டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டும். நிறக்குறியை மட்டும் நம்பாமல், அந்த விதைகள் உண்மையிலேயே சாகின்றனவா என்று பார்க்கும் ஸ்போர் டெஸ்டும் தவறாமல் செய்ய வேண்டும். அசிஸ்டன்ட் பெண்ணுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. ரத்தம் பட்ட கருவியை முதலில் தொடுவது அந்தப் பிள்ளைதான்.

வலிக்காத வியாதிகள்

ஈறு நோய் வலிக்காது. பல் தேய்க்கும்போது ரத்தம் வரும், வாய் நாறும், கடைசியில் பல் ஆடும். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தேய்க்காமல் விடுவது தவறு, அங்கேதான் அழுக்கு அதிகம். கிளீன் பண்ணினால் பல் ஆடும் என்று சொல்வதும் தவறு. ஏற்கனவே எலும்பு கரைந்து ஆடத் தயாராக இருக்கும் பல்லை, கட்டியாகப் படிந்த காரைதான் பிடித்து வைத்திருக்கிறது. காரையை எடுத்ததும் உண்மை நிலவரம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். சுகர் இருப்பவர்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும். ஈறு கெட்டால் சுகரும் கட்டுக்குள் நிற்காது. ஆடும் பல்லோடு வருபவரிடம் சுகர் பார்த்தீர்களா என்று கேட்காத டாக்டர் பாதி வேலைதான் செய்கிறார்.

வாய்ப் புற்றுநோயும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. இது எனக்குப் பெரிய கவலை. ஹான்ஸ் புகையிலை, பாக்கு, பீடி பழக்கம் உள்ளவர்கள் வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், மூன்று விரல் நுழையாத அளவுக்கு வாய் இறுகுதல், இதில் எது இருந்தாலும் காட்ட வேண்டும். கூரான பல் உரசித்தான் புண் என்று தோன்றினால் அதை மழுக்கிவிட்டு இரண்டு வாரம் பார்க்கலாம். அதற்கு மேல் களிம்பு எழுதிக்கொண்டே போவது டாக்டரின் தவறு, சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கத்தி பட்டால் பரவும் என்ற பயத்தில் அதைத் தள்ளிப்போடுவது நோயாளியின் தவறு, பரவுவது தாமதத்தால். எந்தப் பல்லுக்காக யார் வந்தாலும் நாக்கைத் துணியால் பிடித்து இரு பக்கமும் பார்க்க வேண்டும், நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது.

குழந்தைகள் விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஆறு வயது வாக்கில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் முளைப்பது நிலைப்பல். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால், விழுந்து முளைக்கப் போகிறது என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். அது போனால் மறுபடி முளைக்காது.

சொல்லாமல் விடுவது

சிகிச்சைக்கு முன்னால் சாப்பிடும் மாத்திரைகளைச் சொல்லுங்கள். இதயத்துக்கு ரத்தம் உறையாத மாத்திரை எடுப்பவர்கள் பல் எடுப்பதற்காகத் தாங்களே அதை நிறுத்திவிட்டு வருவது மிகப் பெரிய ஆபத்து. சாதாரணமாக ஒரு பல் எடுக்க அதை நிறுத்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருப்பதில்லை. இதய டாக்டரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ சோலெட்ரானிக் ஆசிட் ஊசி போட்டவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகக் கூடும்.

வேலூருக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. சி.எம்.சி. எதிரே காந்தி ரோட்டில் நடந்தாலே பெங்காலியிலும் இந்தியிலும் போர்டுகள். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், பங்களாதேஷிலிருந்து வேறு வைத்தியத்துக்கு வந்தவர்கள், கையோடு பல்லையும் பார்த்துக்கொள்கிறார்கள். அசிஸ்டன்டின் அரைகுறை இந்தியில் தலையாட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பல்லைப் பிடுங்கக் கூடாது. பாஷை தெரிந்தவர் வரும்வரை காத்திருக்கலாம். காட்பாடியில் ரயில் எப்போது என்று கேட்காமல் நாலு முறை வர வேண்டிய சிகிச்சையை ஆரம்பிப்பதும் தப்பு. வலியைத் தணித்து, எக்ஸ்ரே நகலும் செய்த வேலையின் விவரமும் எழுதிக் கொடுத்தால் ஊரில் உள்ள டாக்டர் தொடர்வார்.

விலை குறைவு என்று பதிவு பெறாதவர்களிடம் “ஃபிக்ஸட் பல்” கட்டிக்கொள்கிறவர்களின் வாயைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பிளாஸ்டிக் பவுடரைக் கரைத்து, கம்பி போட்டு, பக்கத்துப் பல்லோடு சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள். கழற்ற முடியாது, கழுவ முடியாது. அதை வெட்டி எடுத்தால் அடியில் ஈறு அழுகி, நன்றாக இருந்த இரண்டு பக்கத்துப் பல்லும் ஆடிக்கொண்டிருக்கும். சட்டப்படி பதிவு இல்லாமல் பல் வைத்தியம் செய்யக் கூடாது. தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

படித்துப் பதிவு செய்தவர்களிடமும் தேவையில்லாத வேலை நடப்பதுண்டு. நேராக முளைத்து, சொத்தையில்லாமல், சுத்தம் செய்ய முடிகிற ஞானப்பல்லை எடுக்க வேண்டியதில்லை. கடைவாய்ப் பல் பள்ளத்தில் தெரியும் கறுப்புக் கோடெல்லாம் சொத்தை அல்ல. “இது இருக்கட்டும், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்” என்று சொல்லும் டாக்டரை, ஒன்றுமே செய்யவில்லை என்று குறை சொல்லாதீர்கள். சந்தேகமிருந்தால் எக்ஸ்ரேயை வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் காட்டுங்கள். கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும்.

ரூட் கேனால் செய்த பல்லின் வேர்நுனியில் எக்ஸ்ரேயில் கறுப்பு நிழல் இருந்திருந்தால், அந்த எலும்பு நிரம்பி வர மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். வலி இல்லை என்பதால் யாரும் திரும்பி வருவதில்லை. வரச் சொல்லாமலே விட்டால் நம் வேலை பலித்ததா என்பது நமக்கே தெரியாமல் போகும். கேப் ஒட்டும் நாளிலேயே ஆறு மாதம் கழித்து ஒரு தேதியைக் கார்டில் எழுதிக் கொடுத்து, அந்த வாரம் ஒரு போன் பண்ணி, வந்தவரின் புது எக்ஸ்ரேயைப் பழையதோடு வைத்துப் பாருங்கள். அந்த ஒரு எக்ஸ்ரேக்குப் பணம் வாங்காதீர்கள்.