டைட்டானியம் சிலிண்டரைத் தேய்க்காதீர்கள், அளந்து பாருங்கள்

எடை குறைந்த ரிவால்வர் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "இந்த சிலிண்டர் எத்தனை தோட்டா தாங்கும்?" சிலிண்டர் என்பது தோட்டாக்கள் உட்காரும் அறைகள் கொண்ட, சுழலும் உருளை. அதற்கு எண் சொல்ல முடியாது. என்ன தோட்டா போடுகிறீர்கள், சுட்டு முடித்ததும் எதை வைத்துத் துடைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அது எவ்வளவு சீக்கிரம் பட்டறை மேசைக்கு வரும் என்று நான் சொல்கிறேன். நான் பார்த்தவரை, சுட்டுத் தேய்ந்த சிலிண்டர்களைவிட, சுத்தம் செய்கிறேன் என்று தேய்த்துக் கெடுத்தவைதான் அதிகம்.

முதலில் உங்கள் கையில் இருப்பது எந்த உலோகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ரிவால்வரைக் காலி செய்து, அறை ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துவிட்டு, சிலிண்டரின் பக்கச்சுவரில் ஒரு சிறு காந்தத்தை வையுங்கள். துப்பாக்கிகளில் வழக்கமாக வரும் எஃகு, துருப்பிடிக்காத வகையும் சேர்த்து, பெரும்பாலும் காந்தத்தைப் பிடிக்கும். டைட்டானியம் பிடிக்காது. பின்பக்கம் காலிக் கூடுகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டில் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். டைட்டானியம் சிலிண்டரிலும் அந்தத் தகடு எஃகுதான்.

எடையைக் குறைக்கப் பல வழிகள் முயன்று பார்த்தாயிற்று. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படைக்காக கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸன் இரண்டு நிறுவனங்களும் சிலிண்டரையே அலுமினியத்தில் செய்து கொடுத்தன. வெடிப்பின் அழுத்தத்தை அது நம்பகமாகத் தாங்கவில்லை. அழுத்தம் குறைந்த எம்41 தோட்டாவைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தும் சரிப்படாமல், கடைசியில் பெரும்பாலானவற்றைத் திரும்ப வாங்கி அழித்துவிட்டார்கள். 1990களின் இறுதியில் டைட்டானியம் வந்தது. ஒரு கன சென்டிமீட்டருக்கு அலுமினியம் 2.7 கிராம், டைட்டானியம் சுமார் 4.5, எஃகு சுமார் 7.8. 2009-ல் வந்த ரூகர் எல்சிஆர் ரிவால்வர் வேறு வழியில் போனது. சிலிண்டர் எஃகுதான், ஆனால் தேவையில்லாத இடமெல்லாம் ஆழமாகக் குடைந்து எடுத்திருப்பார்கள். அப்படிப்பட்ட எஃகு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் துடைக்கும் விஷயத்தில் அவ்வளவு பயப்பட வேண்டாம். மற்ற சோதனைகள் அவர்களுக்கும் உண்டு.

டைட்டானியத்தின் பலவீனம் அதன் மேல்தோலில் இருக்கிறது. அறைகளின் உட்புறமும், குழலைப் பார்த்திருக்கும் சிலிண்டரின் முன்முகமும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தோடு வருகின்றன. அந்தப் படலம் ஓரிடத்தில் போய்விட்டால், தோட்டாவின் கூட்டிலிருந்து குண்டு வெளியேறும் நொடியில் அடிக்கும் தீப்பிழம்பு அந்த இடத்தையே பிடித்து அரிக்கத் தொடங்கும். டைட்டானியம் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் சூடு மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் முன்முகத்தில் படியும் கறுப்பு வளையங்களைத் தொடாதீர்கள் என்று கெஞ்சுகிறேன். ஈயம் எடுக்கும் மஞ்சள் துணி, பாலிஷ் பசை, பச்சை நார், எஃகு பிரஷ் எதுவும் வேண்டாம். நான்-ஸ்டிக் பாத்திரத்தைக் கம்பி நாரால் தேய்ப்பதும் இதுவும் ஒன்றுதான். கறுப்பு இருந்தால் துப்பாக்கி சுடாமல் போய்விடாது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பவர்கள் எஃகு சிலிண்டர் வாங்கிக்கொள்ளலாம்.

அறைக்குள் மட்டும் சுத்தம் தேவை. .357 மேக்னம் தோட்டாவுக்கான அறையில் .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுட்டால், அதன் கூடு சுமார் 3.4 மில்லிமீட்டர் குட்டை என்பதால், அந்த இடைவெளியில் கரி வளையமாக இறுகும். பிறகு .357 தோட்டா முழுசாக உள்ளே போகாது, போனாலும் காலிக்கூடு இறுகிக்கொண்டு வராது. கரியைக் கரைக்கும் திரவமான சால்வென்ட்டை அறைக்குள் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடையுங்கள். போகவில்லை என்றால் மறுபடி ஊறவிடுங்கள், கையை அழுத்தாதீர்கள். டிரில்லில் பிரஷ்ஷை மாட்டிச் சுழற்றும் ஆட்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

காலிக்கூடுகளைத் தள்ளும்போது குழல் வானத்தைப் பார்க்க வேண்டும். சாய்த்துத் தள்ளினால் எரியாத வெடிமருந்துத் துகள்கள் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் போய் உட்காரும். ஒரு துகள் போதும், சிலிண்டர் சுழலும்போது இறுக்கிப் பிடிக்கும். தகட்டைத் தூக்கிப் பிடித்து, பழைய பல்துலக்கியால் அடியில் ஒரு தட்டு தட்டினால் தீர்ந்தது.

தோட்டா விஷயத்தில், இவ்வகை எடை குறைந்த .357 ரிவால்வர்களின் குழலில் 120 கிரெயினுக்கு (சுமார் 7.8 கிராம்) குறையாத குண்டுதான் போட வேண்டும் என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது விற்பனைப் பேச்சு இல்லை. குண்டு இலேசாக இருந்தால் மருந்து எரிந்து முடிவதற்குள் கூட்டைவிட்டுக் கிளம்பிவிடும். பின்னாலேயே வரும் எரிந்தும் எரியாத துகள்கள் அறையின் முன்வாயை மணல் வீசியதுபோல் அடிக்கும். படலம் தாங்காது.

இனி சோதனை. முன்முகத்தை ஒரு டார்ச் வெளிச்சத்தில், ஒளி பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பாருங்கள். வெறும் கறை என்றால் தட்டையாக மினுங்கும். பள்ளம் என்றால் ஒரு பக்கம் நிழல் விழும். பல்குச்சி முனையை அறைவாயின் விளிம்பில் மெதுவாகச் சுற்றிக் கொண்டுவாருங்கள். பள்ளத்தில் அது தட்டும். அதே வெளிச்சத்தில், குழலும் சிலிண்டரும் சந்திக்கும் இடத்துக்கு நேர் மேலே துப்பாக்கியின் உடற்சட்டத்தில் இருக்கும் சிறு எஃகுத் தகட்டையும் பாருங்கள். அலுமினியச் சட்டத்தைத் தீயிலிருந்து காக்க வைத்தது அது. வெட்டுண்டோ ஆடியோ இருந்தால் மாற்ற வேண்டும்.

அடுத்து ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள். முன்முகத்தில் ஒட்டாத கரியை மட்டும் சால்வென்ட் துணியால் ஒற்றியெடுத்து, சிலிண்டரை மூடுங்கள். அதைப் பின்னால் தள்ளிப் பிடித்து, குழலுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளியை அளக்கவும். பிறகு முன்னால் இழுத்து மறுபடி அளக்கவும். முதல் அளவு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள் இருப்பது வழக்கம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முன்பின் ஆட்டம். அது 0.15-ஐ எட்டினால் பட்டறைக்குக் கொடுங்கள், மெல்லிய வாஷர் போட்டுச் சரிசெய்வார்கள். விட்டுவிட்டால் ஒவ்வொரு சுடுதலிலும் சிலிண்டர் முன்னும் பின்னும் மோதி ஆட்டம் வேகமாக வளரும்.

சிலிண்டரைச் சுற்றி விழும் கோட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது சிலிண்டரைச் சுழலாமல் நிறுத்தும் பூட்டு உரசும் தடம். பூட்டு விழும் குழிகளின் விளிம்பு பிதுங்கியிருந்தால்தான் கவலை. இதில் இலேசான சிலிண்டருக்கு ஒரு நன்மை உண்டு. எடை குறைவு என்பதால் சுழன்று வந்து நிற்கும்போது குழியில் விழும் அடியும் குறைவு. ஐந்து அறை சிலிண்டரில் குழிகள் அறைகளுக்கு நடுவே, உலோகம் தடித்த இடத்தில் விழுவதும் ஒரு வசதி. மணிக்கட்டை உதறிச் சிலிண்டரை மூடும் பழக்கம் மட்டும் வேண்டாம், சிலிண்டரைத் தாங்கி வெளியே திறக்கும் உலோகக் கை வளைந்துவிடும்.

கடைசியாக, குண்டு நழுவல். இலேசான துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது, அறையில் காத்திருக்கும் தோட்டாவின் கூடு பின்னால் போகும், குண்டு முன்னால் நகரும். அதிகம் நகர்ந்தால் முன்முகத்தைத் தாண்டி நீட்டி, சிலிண்டரைச் சுழலவிடாது. புதுத் தோட்டா வாங்கினால் ஒன்றின் நீளத்தை அளந்து பேனாவால் குறியிட்டு, அது கடைசியாக வரும்படி நிரப்புங்கள். மற்றவற்றைச் சுட்டுவிட்டு அதை வெளியே எடுத்து மறுபடி அளங்கள். நீளம் கூடியிருந்தால் அந்த வகை உங்கள் துப்பாக்கிக்கு ஒத்துவராது. உறையில்லாத ஈயக் குண்டுகளில்தான் இது அதிகம். குறியிட்ட அந்தத் தோட்டாவைத் திரும்ப நிரப்பாமல் தனியாக எடுத்து வையுங்கள்.